வலது கண் 6/6, குறைபாடு 30 சதவீதம்

காவல்துறையில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவள் நான். என் இடது கண்ணில் பார்வை கிட்டத்தட்ட இல்லை. இன்று ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். சீருடை கிடையாது, ஆனால் சீருடைக்காரர்களின் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. தேனிப் பக்கத்திலிருந்து இதே ஆசையோடும் இதே மாதிரிக் கண்ணோடும் சில தங்கைகள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாறுகண் இல்லை, தழும்பு இல்லை. கல்லூரியில் நடந்த கண் முகாமில் வலது கண்ணை மறைத்துவிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மேலே தனியாக இருக்கும் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. அதற்கு முன்பே நான் என்சிசியில் .22 ரைஃபிளில் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். குறி பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வதுதானே வழக்கம்! அதனால் அங்கேயும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். அம்பிளையோபியா என்றார்கள். சோம்பல் கண் என்றும் சொல்வார்கள். எனக்குப் பிறவியிலிருந்தே இடது கண்ணில் மட்டும் மிக அதிகமான கிட்டப்பார்வை. வலது கண்ணில் பவரே இல்லை. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் படம் அனுப்பும்போது, வளர்கிற மூளை மங்கலானதை ஒதுக்கிவிட்டுத் தெளிவானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணிலிருந்து வருவதை மூளை சரியாக வாங்குவதில்லை. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்திருந்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, பார்வையைப் பெருமளவு மீட்டிருக்கலாமாம். "இனிமே அந்தக் கண்ணுல பெரிசா முன்னேற்றம் எதிர்பார்க்காதம்மா. நல்ல கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோ" என்றார் மருத்துவர். அம்மா வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் ஒரு கண்ணை மூடிவிட்டு எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மறு கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் என்னைப் போன்ற பிள்ளை தப்பித்துப் போய்விடும்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். பட்டப்படிப்பு முடித்ததும் மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.பி.ஓ. தேர்வுக்கு விண்ணப்பித்தேன். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் டெல்லி காவல்துறைக்கும் உதவி ஆய்வாளர்களை எடுக்கும் தேர்வு அது. அறிவிக்கையிலேயே கண் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நல்ல கண்ணில் 6/6, மற்றக் கண்ணில் 6/9 தூரப்பார்வை வேண்டும். மேல் எண் நாம் நிற்கும் தூரம், கீழ் எண் குறையில்லாத கண் அதே எழுத்தைப் படிக்கும் தூரம், இரண்டும் மீட்டரில்; 6/6 என்றால் முழுப் பார்வை. கண்ணாடி உட்பட எந்தத் திருத்தமும் கூடாது. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கண்தான் நல்ல கண்ணாக இருக்க வேண்டும். என் வலது கண்ணுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இடது கண் இந்தக் கணக்கில் எங்குமே வராது. விதியைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஓட்டம், தாண்டுதல், எழுத்து எல்லாவற்றிலும் நான் தகுதியானவள் என்பதை அந்த வரிசையில் நின்று காட்ட வேண்டும் என்று இருந்தது. அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

பயிற்சிக்குப் போன இடத்தில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். "லேசிக் பண்ணிக்கோ, ஒரே வாரத்துல சரியாயிடும்" என்பதுதான் அதிகம். லேசிக் கருவிழியின் வளைவை மாற்றிப் பவரைக் குறைக்கும். என் சிக்கல் மூளை பழகாததில் இருந்தது. அதனால் எனக்கு அது உதவாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். வெறும் கிட்டப்பார்வை உள்ளவர்களும் அறிவிக்கையில் அறுவை சிகிச்சை பற்றி என்ன இருக்கிறது என்று படிக்காமல் கத்தி வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் திருத்தமும் கூடாது என்று இருக்கும் இடத்தில் அந்தப் பணமும் போகும், இடமும் போகும். பலகையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போ, விரல் இடுக்கில் பார் என்று சொன்னவர்களும் உண்டு. துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்கப்போகிற சக காவலரை ஏமாற்றுகிற வேலை அது. எனக்கு மனசு வரவில்லை.

கணினித் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு, இரண்டு மணி நேரம். அதில் தேறினால் உடற்திறன் தேர்வு. பெண்களுக்கு 100 மீட்டரை 18 நொடியிலும் 800 மீட்டரை 4 நிமிடத்திலும் ஓட வேண்டும். நீளம் தாண்டுதல் 2.7 மீட்டர், உயரம் தாண்டுதல் 0.9 மீட்டர். ஓட்டம் எனக்குச் சிரமமே இல்லை. உயரம் தாண்டுவதுதான் என் கண்ணோடு நான் நேருக்கு நேர் மோதிய இடம். இரண்டு கண்ணும் சேர்ந்து கொடுக்கும் ஆழத்தை என் மூளை அறியாது. குறுக்குக் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாமல் முதலில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் மைதானத்து மாஸ்டர் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, "கம்பியப் பார்க்காத. காலடிய எண்ணு" என்றார். கம்பியிலிருந்து பின்னால் நடந்து அடிகளை அளந்து, மண்ணில் கோடு கிழித்து, அந்தக் கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டே ஓடிப் பழகினேன். தேர்வு நாளில் தாண்டினேன். அடுத்து வந்த ஆங்கிலத் தாளையும் தாண்டினேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு படை முகாமுக்கு அழைத்தார்கள். உயரம், எடை, காது, பல், முட்டி, பாதம் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்தோம். கண் மேசையில் நாமே கையால் கண்ணை மூட விடுவதில்லை, அட்டை வைத்து அவர்களே மூடுகிறார்கள். வலது கண்ணில் கடைசி வரிவரை படித்தேன். இடது கண்ணில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பரிசோதித்த பெண் மருத்துவர் பலகைக்கு அருகே என்னை நடத்திக்கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். 2 மீட்டருக்குள் வந்த பிறகுதான் என்னால் எண்ண முடிந்தது. தகுதியில்லை என்று எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மறு மருத்துவப் பரிசோதனை கேட்கும் உரிமை உண்டு. கேட்டேன். வேறு மருத்துவர்கள் பார்த்தார்கள், அதே முடிவு வந்தது. அதற்கு மேல் முறையீடு கிடையாது. யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலவரத்தில் கண்ணாடி உடைந்தால், வலது கண்ணில் தூசி விழுந்தால், என் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்தியக் காவல் பணிக்கான விதியைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நல்ல கண்ணில் 6/6 அல்லது 6/9, மற்றக் கண்ணில் 6/12 அல்லது 6/9 இருந்தால் போதும் என்கிறது. களத்தில் ஆணையிடும் அதிகாரிக்குக் கண்ணாடி பொருந்தும், அவருக்குக் கீழே நிற்கும் உதவி ஆய்வாளருக்குப் பொருந்தாது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கைரேகை, சைபர் குற்றம், கட்டுப்பாட்டு அறை, தொலைபேசிப் பதிவு ஆய்வு என்று கண்ணைவிடக் காதும் பொறுமையும் மூளையும் அதிகம் வேண்டிய எத்தனையோ வேலைகள் காவல்துறைக்குள் வந்துவிட்டன. 2007 வாக்கில் பெல்ஜியத்தின் கூட்டாட்சிக் காவல்துறை பார்வையற்றவர்களையே ஒட்டுக்கேட்புப் பதிவுகளை ஆராயும் பணியில் அமர்த்தியது. அவர்களில் ஒருவரான சாஷா வான் லூவைப் பற்றி அப்போது உலகப் பத்திரிகைகள் எழுதின. பேச்சுவழக்கைக் கேட்டே ஆள் எந்த ஊர் என்று பிடிப்பார், வண்டியின் இன்ஜின் சத்தத்தை வைத்து அது என்ன கார் என்று சொல்வார். அவருக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. வேலை கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பலரும் சொன்னது ஒன்றுதான்: "அப்போ மாற்றுத்திறனாளி கோட்டால போ." அரசு மருத்துவமனையில் விண்ணப்பித்துக் கண் மருத்துவரிடம் போனேன். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணைப்படிதான் அப்போது கணக்கிட்டார்கள். கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகு இருக்கும் பார்வையை வைத்துக் கணக்கு. ஒரு கண் 6/18 வரை நன்றாக இருந்து, மற்றக் கண் 3/60-க்கும் கீழே என்றால் 30 சதவீதம். ஒற்றைக் கண் உள்ளவர் என்றே அந்த வரிசைக்குப் பெயர். 2016 சட்டப்படி வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு கேட்க 40 சதவீதம் வேண்டும். ஆக, படைக்கு எடுக்க முடியாத அளவுக்குக் குறை உண்டு, ஒதுக்கீடு தரும் அளவுக்குக் குறை இல்லை. ஒற்றைக் கண்ணோடு இருக்கும் எத்தனை பேர் இந்த இடைவெளியில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

40 சதவீதம் இருந்திருந்தாலும் சீருடை கிடைத்திருக்காது. 2021 ஆகஸ்ட் 18 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைகள் இந்தியக் காவல் பணியையும், ரயில்வே பாதுகாப்புப் படையையும், மத்தியப் படைகளின் போரிடும் பணியிடங்களையும் இந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்தன. மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 மார்ச்சில் நீதிமன்றம், குடிமைப் பணித் தேர்வு எழுதியவர்கள் இந்தியக் காவல் பணி உள்ளிட்டவற்றுக்குத் தற்காலிகமாக விண்ணப்பிக்கலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்த வாசல் திறக்குமா என்று காத்திருக்க எனக்கு வசதி இல்லை. அப்பா ஏலத் தோட்டத்துக் கூலி, தம்பி அப்போது படித்துக்கொண்டிருந்தான்.

காவல்துறைக்குள் அமைச்சுப் பணி, அதாவது சீருடையில்லாத அலுவலகப் பணி, என்று ஒரு பெரிய பிரிவு இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. காவலர்களின் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை, ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பிரிவின் கையில். இளநிலை உதவியாளரையும் தட்டச்சரையும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக எடுக்கிறார்கள். மார்பளவு, ஓட்டம், கண் பலகை எதுவும் இல்லை. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதிக் கேள்விகள் தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நான் பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் 20 சதவீத ஒதுக்கீடு கை கொடுத்தது. பள்ளியிலிருந்து அந்தச் சான்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், அலைய வேண்டும். ஒற்றைக் கண்ணால் விடைத்தாளில் வட்டங்களை நிரப்பும்போது வரிசை தவறும் என்பவர்களுக்கு ஒரு வழி: இடது கை விரலை வரிசை எண்ணின் மேல் வைத்தபடியே நிரப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கலந்தாய்வு சென்னையில், தேர்வாணைய அலுவலகத்தில். தரவரிசைப்படி உள்ளே அழைக்கிறார்கள். திரையில் துறைகளும் மீதமுள்ள இடங்களும் தெரியும். எனக்கு முன்னால் போனவர்கள் வருவாய்த்துறை, வணிகவரி, பதிவுத்துறை என்று எடுத்துக்கொண்டே வந்தார்கள். காவல்துறையில் இடங்கள் அப்படியே இருந்தன. வேலை நேரம் பார்க்க முடியாது, திருவிழா, தேர்தல் என்றால் வீட்டுக்குப் போக முடியாது என்று பலரும் தவிர்ப்பார்கள். நான் காவல்துறை என்று சொன்னதும் அங்கிருந்த அலுவலர், "நல்லா யோசிச்சுட்டியாம்மா? அப்புறம் மாத்த முடியாது" என்றார். யோசித்துவிட்டேன் சார் என்றேன். வெளியே நின்றிருந்த அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு முதலில் புரியவில்லை, போலீஸா என்று இரண்டு தடவை கேட்டார்.

பணியில் சேர உடற்தகுதிச் சான்று வேண்டும். மருத்துவரிடம் இடது கண்ணைப் பற்றி நானே சொன்னேன். அலுவலகப் பணிக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

முதலில் தபால் சீட், இப்போது தண்டனைக் கோப்புகள். காவலர் ஒருவர் மீது ஒழுங்கு விதி 3(ஏ) என்றால் சிறு தண்டனை, 3(பி) என்றால் வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளை வரி வரியாகப் படித்து, குறிப்பாணையில் தேதி பிழையில்லாமல், அவருடைய விளக்கம் விடுபடாமல் கோப்பை எழுப்ப வேண்டும். தேதி ஒன்று தப்பினால் ஒருவருடைய குடும்பமே பாதிக்கப்படும். சாயங்காலத்தில் வலது கண் களைத்துவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன், இடையிடையே எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்று தூரத்தைப் பார்க்கிறேன். எங்கள் கண்காணிப்பாளர் அம்மா என் மேசையை, வலது பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

இப்போது துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் தேறினால் உதவியாளர் பதவி உயர்வுக்குப் பெயர் போகும். கேட்கிற தங்கைகளுக்கு ஒன்று மட்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் போய், கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணிலும் எவ்வளவு தெரிகிறது என்று எழுதி வாங்குங்கள், நிறம் பிரித்தறிவதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை அறிவிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குரூப் 4 அறிவிப்பு வந்திருந்தால் அதையும் கூடவே வையுங்கள்.