ஆச்சியின் போர்வையும் சோனியாவும்

வடசேரி தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைச் சேர்த்து எங்கள் ஆச்சி தைத்த போர்வையைப் பார்த்தாலே எனக்கு சோனியா டெலோனே ஞாபகம்தான். உக்ரைனில் 1885இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர். 1911இல் கைக்குழந்தை மகனுக்கு, கிராமத்து விவசாய வீடுகளில் கண்ட மாதிரியே துண்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தார், அதைப் பார்த்த நண்பர்கள் இது நவீன ஓவியம் மாதிரி இருக்கிறதே என்றார்களாம். அப்புறம் வண்ண வட்டங்களாக ஓவியம், பாலே உடை, துணி டிசைன், கார் மேல் பெயின்ட் கூட! ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த வீட்டு வருமானம் ரஷ்யப் புரட்சியில் நின்றபோது சோறு போட்டது டிசைன் வேலைதான் (அதைச் சில்லறை வேலை என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்). 1964இல் பாரிஸின் பெரிய மியூசியமான லூவரில் கண்காட்சி.

அந்தப் போர்வை இப்போது பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது என்றேன். "பின்ன பிள்ளைக்குக் குளிராதா?" என்றாள் ஆச்சி.