ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர்

சண்டையில இருக்கிற ரெண்டு தரப்புல இருந்தும் பசங்கள எடுத்து நடத்துற ஒரு யூத் ஆர்கெஸ்ட்ரால எனக்கு நோட்ஸ், அதாவது இசைய எழுதி வெச்ச தாள்களப் பாத்துக்கிற லைப்ரரி வேலை, கூடவே மேடையில யார் எங்க உக்காரணும்னு சீட்டிங் போடுறதும் நான்தான். "இசைக்கு எல்லையே கிடையாது"ன்னு ஸ்பான்சருங்க மைக்ல பேசும்போதெல்லாம் எனக்குக் கடுப்பா வரும். இசை தானா வந்து யாரையும் சேத்து வைக்காதுங்க, ஏதாவது சேத்து வைக்குதுன்னா அது ரிகர்சல்தான்.

வயலின், செல்லோ மாதிரி தந்தி வாத்தியத்துல ரெண்டு பேருக்கு நோட்ஸ் வைக்கிற ஒரு ஸ்டாண்ட், ஒரே நோட்ஸ். உள்பக்கம் (ஆடியன்ஸுக்குத் தள்ளி) இருக்கிறவரு வாசிக்கிறத விட்டுட்டு பக்கம் திருப்பணும், வெளிப்பக்கம் இருக்கிறவரு நிறுத்தாம வாசிக்கணும். வில்ல எங்க மேல இழுக்கணும் எங்க கீழ இழுக்கணும்னு பென்சில்ல குறிக்கிறதும் அந்த ஒரே தாள்லதான். நான் வேணும்னே தரப்புக்கு ஒருத்தரா உக்கார வைப்பேன், ஆரம்பத்துல ஒருத்தர் குறிச்சத இன்னொருத்தர் அழிச்சிட்டு திரும்ப எழுதுவாரு, ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. ஒரு செல்லோ ஸ்டாண்ட்ல பக்கம் திருப்புற இடம் ரொம்ப வேகமா வாசிக்கிற எடத்துல வந்து மாட்டிக்கிச்சு, உள்பக்கப் பையன் லேட்டா திருப்ப, மத்தவன் மொறைச்சான். அப்புறம் பாத்தா ரெண்டு பேரும் சேந்தே எங்கிட்ட வந்து, அடுத்த பக்கத்தோட மொத வரிய மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, கீழ ஒட்டிக்கிறோம்னு கேக்குறாங்க. அன்னிக்கு ராத்திரி நியூஸ் பாத்துட்டு அதே ரெண்டு பேரும் கத்திக்கிட்டாங்க, அது வேற. ஆனா காலையில ஜெராக்ஸ் ஒட்டித்தான் இருந்துச்சு.

இந்த வழியப் பெருசா செஞ்சு காட்டுனது ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் டேனியல் பாரன்பாயிமும் பாலஸ்தீன-அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் சயீதும். 1999ல ஜெர்மனியில வைமர்ல இஸ்ரேல், பாலஸ்தீனம், மத்த அரபு நாட்டுப் பசங்கள ஒண்ணா உக்கார வெச்சு வெஸ்ட் ஈஸ்டர்ன் திவான் ஆர்கெஸ்ட்ராவ ஆரம்பிச்சாங்க, நாஜிகளோட புக்கன்வால்ட் வதைமுகாம் இருந்த இடம் பக்கத்துலதான். எனக்கு அதுல பிடிச்சது 2005ல பாலஸ்தீனத்துல இருக்கிற ரமல்லா நகரத்துல நடந்த கச்சேரி, இசைக்காக இல்ல, பேப்பர் வேலைக்காக. இஸ்ரேலியர் ரமல்லாவுக்குள்ள போறதுக்கு அவங்க நாட்டுச் சட்டமே தடை, சிரியா, லெபனான் பசங்க இஸ்ரேல் கட்டுப்பாட்டுல இருக்கிற பாதையில வர முடியாது, கடைசியில ஸ்பெயின் அரசு டிப்ளமேட்டிக் பாஸ்போர்ட் குடுத்துதான் போய்ச் சேந்தாங்க. பீத்தோவன் அஞ்சாம் சிம்பொனிக்கு முன்னாடி எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும்னு நெனச்சா என்ன மாதிரி ஆளுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

2008ல நியூயார்க் பில்ஹார்மோனிக் வட கொரியத் தலைநகர் பியாங்யாங் போய் அரிராங்கிற கொரிய நாட்டுப்புறப் பாட்ட வாசிச்சது உருக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா அது விருந்தாளி வந்துட்டுப் போன மாதிரி. பக்கத்து நாற்காலியில வருஷா வருஷம் உக்காந்து ஒருத்தன் தப்பு பண்ணா இன்னொருத்தனுக்கும் வேலை கெடுறது வேற சமாச்சாரம்.

இதெல்லாம் ஆக்கிரமிப்ப சகஜமாக்கிடுதுன்னு பாலஸ்தீனத் தரப்புலேயே திவான் மேல விமர்சனம் இருக்கு. அத ஒதுக்கிட முடியாது, ஸ்டாண்ட்ல சமமா உக்காந்தவங்க வெளிய வந்ததும் சமம் இல்லையே. ஆர்கெஸ்ட்ரா அத மாத்தாது, மாத்தும்னு நாங்க ஃபண்ட் கேக்குற லெட்டர்ல எழுதுறதும் எனக்குப் பிடிக்கல. எதிர்த்தரப்பு ஆளு எப்ப மூச்செடுக்குறான்னு கவனிக்கப் பழகுறாங்க, அவ்வளவுதான் என்னால அடிச்சுச் சொல்ல முடியும். அதுக்காகவாவது சீட்டிங் மாத்தச் சொல்லி யார் வந்தாலும், நோட்ஸ் கண்ணுக்குத் தெரியல, முதுகு வலிக்குதுன்னு சொன்னா மட்டும்தான் மாத்தித் தர்றேன்.