கீரிமலையில் ஓர் உழவாரம்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்து வளவுகளில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். எங்கள் ஊர் அடியார்கள் சிலர் கீரிமலை நகுலேஸ்வரத்துக்கு உழவாரப்பணிக்கு, கோயில் வளவில் புல் எடுத்துத் துப்புரவாக்கும் தொண்டுக்கு, போவதாகச் சொன்னதும், வீட்டு வளவுப் புல்லை அப்படியே விட்டுவிட்டு நானும் புறப்பட்டேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். சிரிக்கக் காரணம் இருந்தது.

கோண்டாவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் பஸ். இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று செம்பாட்டு மண்ணின் ஊர்கள். தெல்லிப்பழை தாண்டியதும் காட்சி மாறும். 1990இல் வலிகாமம் வடக்குச் சனங்கள் இடம்பெயர்ந்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஊரார் கால் படாமல் கிடந்த நிலம் அது. திரும்பி வந்தவர்கள் முதலில் கிணற்றைத்தான் தேடினார்கள் என்று சொல்வார்கள். கிணறு அகப்பட்டால்தான் வீடு எங்கே நின்றது என்று பிடிபடும், அவ்வளவு பற்றை. நகுலேஸ்வரமும் அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்த கோயில். 2012இல் மறுபடி குடமுழுக்குக் கண்டது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், அப்பர் சுவாமிகளின் சிலையில் மட்டுமே தான் பார்த்திருந்த உழவாரம் எங்கள் வீட்டுக் கோடியில் சாத்தியிருப்பதைக் கண்டு அசந்து போனார். எங்களுக்கு அது வீட்டுச் சாமான். அதைக் கொண்டு புல்லை மண்ணோடு ஒட்டச் செதுக்கும் வேலையைப் புல் செருக்குதல் என்போம். அகந்தைக்கும் செருக்கு என்றுதான் பெயர். இந்தப் பொருத்தம் ஐம்பது வயது வரை எனக்கு உறைக்கவில்லை. அன்று கோயில் வீதியில் குந்தியிருந்து செருக்கும்போதுதான் உறைத்தது.

எனக்குக் கிடைத்த துண்டில் கோரையும் நாயுருவியும் கலந்து நின்றன. மதிலோரமாகப் பார்த்தீனியம். 1980களின் இறுதியில் இந்திய இராணுவத்துக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்ததோ, பிறகு போகவேயில்லை. இலை கொத்தமல்லி போல, பூ வெள்ளைப் பொட்டுப் பொட்டாக. தெரியாதவர்கள் அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். நான் வெறுங்கையால் பிடுங்கப் போனேன். பக்கத்தில் இருந்த ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார்.

"கையில் உறை போட்டுக்கொள் மோனை, கடிக்கும். பூத்ததைப் பிடுங்கி உதறாதே, நீயே விதைக்கிறாய். இதைப் பூக்க முன்னம் பிடுங்கியிருக்க வேண்டும்."

பிறகு நான் செருக்கி முடித்த இடத்துக்கு வந்து ஒரு கத்தியால் கிண்டினார். மேலே துப்புரவாக இருந்த மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, கடலைப் பருப்பளவில் கோரைக் கிழங்கு ஒன்று வந்தது. அதில் நூல் போல ஒரு வேர். வேரை இழுத்தால் அடுத்த கிழங்கு. அதை இழுத்தால் அதற்கடுத்தது. ஒரு சாண் மண்ணுக்குள் ஏழு எண்ணினேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

அப்போது எனக்கு நினைவு வந்தது எங்கள் வேலி. சித்தப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவர், பக்கத்து வளவு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் வேலி அடைத்தபோது எல்லைக் கதியால், வேலிக்கு நட்ட உயிர்மரக் கம்பு, ஒரு சாண் என் பக்கம் தள்ளிவிட்டது என்பது என் கட்சி. கிளுவைக் கதியால் தானே பருத்துச் சரியும் என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் கறிச் சட்டியோடு போய்வந்த வேலிப் பொட்டை, அந்தச் சிறு இடைவெளியை, நான்தான் தகரம் வைத்து அடைத்தேன். நல்லூரில் உருண்டு பிரதட்டை செய்திருக்கிறேன், செல்வச்சந்நிதி கோயிலுக்கு நடந்து போயிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் மேற்புல் போனது, கிழங்கு இருந்தது. கிழங்குக்கு நானேதான் தண்ணீர் விட்டிருக்கிறேன், அந்தக் கதையைக் கேட்க யார் அகப்பட்டாலும்.

பத்தரை மணிக்குப் பணி முடிந்தது. கேணியில் இறங்கினோம். சுவருக்கு அப்பால் கடல் உப்புக் கரித்துக்கொண்டு அடிக்க, இப்பால் நன்னீர். எத்தனை முறை குளித்தாலும் முதல் வாய் நீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சந்நிதியில் எங்களோடு வந்த ஒருவர் நான்காம் திருமுறையிலிருந்து பாடினார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுத்தான். மெய்ம்மையை உழவாக்கி, விருப்பை விதைத்து, "பொய்ம்மையாம் களையை வாங்கி", பொறுமையை நீராகப் பாய்ச்சச் சொல்கிறார் அப்பர். தோட்டக்காரன் முறைப்படியே அடுக்கியிருக்கிறார்: களையெடுப்பு விதைப்புக்குப் பிறகு வருகிறது. நல்லது விதைத்த பாத்தியிலும் களை வரும் என்று தெரிந்த மனிதர். நெடுங்காலம் சமண சமயத்தில் தலைவராக இருந்து, சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி, தான் நம்பியதையே வேரோடு பிடுங்கியவர் அல்லவா. அதற்கு முன்பே அவருடைய தமக்கை திலகவதியார் அந்தக் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு காத்திருந்தார் என்பதையும் நான் மறப்பதில்லை.

"தம்மையும் நோக்கிக் கண்டு" என்ற இடத்தில் பாடியவர் குரல் சற்று நின்றது. என் அப்பா விடியப்புறம் எழுந்து, வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பார்க்கத்தான். பார்க்காத தோட்டம் பழுது என்பார். அந்தப் பார்வையை அப்பர் தன் மேலேயே திருப்பச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் வேலி வருகிறது, "தகவெனும் வேலியிட்டு" என்று. உழவு, விதை, களை, நீர் எல்லாம் முடிந்து கடைசியில். நானோ வேலியில் தொடங்கி வேலியிலேயே நின்றுவிட்டேன். தகவு என்ற சொல்லுக்கு எத்தனை சாண் என்று அவரிடம் கேட்க முடியாது.

வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தோளில் உழவாரம், மடியில் திருநீறு. அண்ணா வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். பொட்டில் தகரம் அப்படியே இருந்தது, துருப் பிடித்து. கையை உயர்த்தி, கதியாலுக்கு மேலால் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் மண் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"கீரிமலைக்கா?"

"ஓம்."

நெற்றியில் பூசிக்கொண்டு என் வளவை ஒருமுறை பார்த்தார்.

"உன் பக்கமும் கோரைதான்."

"ஓம் அண்ணா. கிண்டித்தான் எடுக்க வேண்டும்."

அவர் வாய்க்காலைத் திருப்பப் போனார். நான் உழவாரத்தைக் கோடியில் சாத்திவிட்டு மண்வெட்டியைத் தேடினேன்.