அம்மச்சிக்கு வயிற்றுப்புண்

போன ஞாயிறு மழை. கரண்ட் வந்து வந்து போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்த தைரியத்தில் 'தி ஃபேர்வெல்' பார்த்தேன். லூலு வாங் இயக்கி 2019-இல் வந்த படம். சீனாவில் சாங்சுன் நகரத்தில் ஒரு பாட்டி. நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. பாட்டியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வந்து கடைசியாக ஒருமுறை பார்க்க சாக்கு வேண்டுமே, அதற்காகப் பேரனுக்கு அவசரக் கல்யாணம். நியூயார்க்கில் வளர்ந்த பேத்திக்கு இது ஒப்பவில்லை. நடந்தது இயக்குநரின் சொந்தப் பாட்டிக்குத்தானாம்.

கல்யாண விருந்தில் மாப்பிள்ளை தேம்பி அழுகிறான். பாட்டியின் கவலையோ விருந்துக்குப் பெரிய இறாலா, நண்டா என்பது. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் எங்கள் அம்மச்சிக்கு 'வயிற்றுப்புண்' வந்த கதை ஞாபகம் வந்தது.

படத்தில் பெரியப்பா ஒருவர் கிழக்கு, மேற்கு என்று விளக்கம் சொல்கிறார். நோயின் பாரத்தைக் குடும்பம் சுமக்க வேண்டுமாம். அந்த இடம் மட்டும் பாடம் நடத்துவது போல இருந்தது. எங்கள் மாமா ஒரே வரியில் முடித்தார்: "சொன்னா கிழவி சாப்பாட்ட விட்டுரும்."

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கார். அம்மச்சியைப் பொறுத்தவரை அது 'மெடிக்கல் காலேஜ்'. கீமோ என்பது புண்ணுக்கு ஏற்றும் டிரிப். முடி கொட்டியதற்குக் கிணற்றுத் தண்ணீர் மேல் பழி. ஃபைலை மாமா ரப்பர் ஷீட் காயப்போடும் புரையில், பரண் மேல் ஒளித்து வைத்தார். டாக்டர் மேஜையில் அதை விரித்தால் அறை முழுக்கப் புகை நாற்றம். ஆஸ்பத்திரி போர்டைப் பற்றி மாமாவுக்குப் பயமே இல்லை. இங்கிலீஷிலும் மலையாளத்திலும்தானே எழுதியிருக்கிறது, தமிழில் இல்லையே!

எங்கள் பக்கம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முன்பே அம்மச்சி நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியாகிவிட்டது. திருவிதாங்கூர் பள்ளிக்கூடம். இது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் திண்ணையில் மரச்சீனிக் கிழங்கைத் தொலித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்: "வயத்துப் புண்ணுக்கு உள்ள சீட்ட எதுக்குடே புரைல கொண்டு ஒளிச்சு வைக்கான் உன் மாமன்?"

நான் முழித்தேன்.

"நான் படிச்சது மலையாளம்லா மக்கா. மொத நாளே போர்டு வாசிச்சாச்சு."

ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டாள். "உன் அம்மைட்ட சொல்லாண்டாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ இருந்து கரைவா."

படத்திலும் அந்தப் பாட்டி தன் புருஷனுக்கு நோய் வந்தபோது அவரிடம் இதே பொய்யைச் சொன்னவள்தான். அது தெரியவரும் இடத்தில் நிறுத்தி, ஒரு கட்டன்சாயா போட்டுவிட்டு வந்து மீதியைப் பார்த்தேன்.

அம்மச்சி அதன்பிறகு இரண்டு ஓணம் பார்த்தாள். கடைசி வரை அவளுக்கு வயிற்றுப்புண்தான், எங்களுக்கும் அப்படித்தான்.

படம் முடிகிற நேரத்தில் அம்மா ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன படம்டே?" என்றாள்.

"சீனப் படம்மா. கல்யாணக் கதை."

நல்லவேளை, அம்மா பிளாக் எல்லாம் படிக்க மாட்டாள்.