குசாத்சு: வெந்நீரைப் பிசையும் ஊர்

பேருந்தை விட்டு இறங்கியதுமே அம்மா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னடி இது, அழுகின முட்டை மாதிரி?" கந்தகம்மா, கொஞ்ச நேரத்தில் பழகிடும் என்றேன். பிப்ரவரி மாதம். தெருவெல்லாம் பனி, நடுவில் மட்டும் ஆவி.

தோக்கியோவுக்கு வடமேற்கே, குன்மா மாகாணத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குசாத்சு. ஜப்பானுக்கு வந்த இத்தனை வருடங்களில் எத்தனையோ ஒன்சென் (வெந்நீர் ஊற்று) ஊர்களுக்குப் போயிருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு எங்கே கூட்டிப்போவது என்று யோசித்தபோது இந்த ஊர்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

நம்மூரில் தெப்பக்குளம் இருக்கிற இடத்தில் அங்கே 'யுபதாகே' இருக்கிறது. வெந்நீர் வயல் என்று பொருள். ஊற்றுநீரை ஏழு மரக்கால்வாய்களில் ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். ஓடும்போது படியும் மஞ்சள் கந்தகத் தூளைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். பம்பு வைக்காமல் ஊர் முழுக்க நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்கி வருகிறது. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான தோகுகாவா ஷோகுன்களில் எட்டாமவர் யோஷிமுனே. அவர் இந்தத் தண்ணீரை எடோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, சுமந்துவரச் செய்து குளித்தாராம். அவருக்காக நீர் எடுத்த இடத்தை இன்றும் மரச்சட்டம் அடித்துத் தனியாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெருமை இருந்தும் 1897 வரை ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் விடுதிகளைப் பூட்டிவிட்டுக் கீழ்க்கிராமங்களுக்கு இறங்கிவிடுவார்களாம். பனி அப்படி.

தண்ணீர் புளிக்கும். அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான், அமிலத்தன்மை கிட்டத்தட்ட அதே அளவு, பிஹெச் 2-ஐ ஒட்டி. பெரும்பாலான கிருமிகள் இதில் பிழைக்காது. ஆனால் குளிக்க முடியாத சூடு. பச்சைத்தண்ணீர் கலந்தால் நீரின் வீரியம் போய்விடும் என்று, ஆள் உயரப் பலகைகளை தொட்டியில் விட்டுப் புரட்டிப் புரட்டி ஆற்றினார்கள். அதன் பெயர் 'யுமோமி', வெந்நீரைப் பிசைவது. இப்போது அதைப் பாட்டுடன் ஒரு கூடத்தில் நிகழ்ச்சியாகச் செய்து காட்டுகிறார்கள். அம்மாவும் ஒரு பலகையைப் பிடித்தாள். கல்யாண வீட்டு அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறிய கை. இரண்டே புரட்டலில் பிடிபட்டுவிட்டது.

ஆனால் அது ஆட்டமாகத் தொடங்கவில்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) இங்கே வந்தவர்களில் பலர் வேறெங்கும் குணமாகாத நோயாளிகள். சூடு தாங்க முதலில் முப்பது குவளை நீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். தலைவர் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்கி, அசையாமல் மூன்று நிமிடம் இருப்பார்கள். தோக்கியோவில் மருத்துவம் கற்பித்த ஜெர்மானியர் எர்வின் ஃபொன் பெல்ஸ் இந்த ஊரின் நீரையும் மலைக்காற்றையும் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். அவருக்கு இங்கே சிலை இருக்கிறது.

தொழுநோயாளிகளும் வந்தார்கள். 1887-இல் அவர்களை யுனோசாவா என்று தனிப்பகுதியாகப் பிரித்து வைத்தார்கள். ஆனால் அங்கே அவர்கள் கல்யாணம் செய்தார்கள், கடை வைத்தார்கள், தங்கள் ஊரைத் தாங்களே நடத்தினார்கள். கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1916-இல் வந்து குடியேறி, அவர்களுக்காக மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார். பிறகு 1932-இல் அரசு அருகிலேயே ஒரு காப்பகம் திறந்தது. சில வருடங்களில் யுனோசாவா கலைக்கப்பட்டது. அந்தக் காப்பகத்தில், சொல்பேச்சு கேட்காத நோயாளிகள் என்று நாடு முழுவதிலுமிருந்து கொண்டுவந்து அடைக்க ஒரு சிறை இருந்தது. 1938 முதல் 1947 வரை 93 பேரை அடைத்தார்கள். 23 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் கணப்பு கிடையாது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. குசாத்சுவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அங்கேயும் போங்கள். மாதிரியாகக் கட்டிவைத்த சிறையறையின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றாள். சோறு தள்ளும் ஓட்டையைக் காட்டி, "இவ்வளவு பக்கத்துல சுடுதண்ணி ஓடுதே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலை, யுபதாகேவை ஒட்டிய ஷிராஹாதா குளியல்கூடத்துக்குப் போனோம். காசு வாங்குவதில்லை. அம்மாவுக்கு உடையில்லாமல் போவதில்தான் தயக்கம். "யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்று நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி எழுந்து இடம்விட்டார். பேச ஒரு மொழி இல்லை. அவர் குவளையில் மொண்டு, முதலில் அம்மாவின் பாதத்தில், பிறகு முழங்காலில், பிறகு பிடரியில் மெதுவாக ஊற்றினார். தீபாவளி எண்ணெய்க்குளியலுக்கு அம்மா எங்களை மணையில் உட்கார்த்தி ஊற்றுகிற அதே நிதானம். அதற்குப் பிறகு அம்மா துண்டை ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டியில் இறங்கிவிட்டாள்.

மூட்டுவலி போய்விட்டது என்று எழுத மாட்டேன். அன்று விடுதிப் படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள், அதைப் பார்த்தேன்.

கொலுசைக் கழற்றியவள் மெட்டியை மட்டும் கழற்றவில்லை. கந்தகம் பட்டு வெள்ளி இரண்டும் கரிபோல் கறுத்துவிட்டன. திருநீறு போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நான்தான் பதறினேன். "இருக்கட்டும்டி, அப்பாகிட்ட காட்டிட்டுத் தேய்ச்சுக்கறேன்" என்று சாக்ஸை மாட்டிக்கொண்டாள்.