பழனிக்குப் புதுச் செருப்பில் போகாதீர்கள்

தை பிறந்துவிட்டால், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள் காரைக்குடியில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து கேட்பது அநேகமாக ஒரே பட்டியல்தான். வலி ஸ்ப்ரே, பிளாஸ்திரி, முட்டிக்குப் போடும் உறை, வலி மாத்திரை ஒரு அட்டை. பில் போட்டுக்கொண்டே நான் கேட்பேன்: "காலுக்கு என்ன போட்டுட்டு நடக்கப் போறீங்க?" நேற்று ஒரு தம்பி பெருமையாகப் பையைத் திறந்து காட்டினான். பளபளவென்று புது ஷூ, உள்ளே சுருட்டி வைத்த காகிதத்தைக்கூட இன்னும் எடுக்கவில்லை. "நாளன்னிக்குக் கிளம்புறோம்க்கா" என்றான். வீட்டில் பழைய ஷூ இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆனால் பார்க்க நன்றாக இல்லையாம். அதைப் போட்டுக்கொண்டு போ, இதைத் தைப்பூசம் முடிந்து கல்லூரிக்குப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டானா தெரியாது.

குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போனால் இங்கிருந்து பழனி சுமார் 160 கிலோமீட்டர். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் நடக்கிறவள்தான். வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் குறைவு. முக்கால்வாசிப் பேர் கால் தோல் உரிந்து உட்கார்ந்தவர்கள். வயசான ஆட்கள் சாவகாசமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள், ஜிம்முக்குப் போகிற பையன்கள் மைல்கல்லில் சாய்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. தார் ரோட்டுச் சூடுதான் காரணம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெறுங்காலில் நடந்தால் அது சரி. செருப்புப் போட்டவர்களுக்கு வருவது வேறு. காலின் மேல்தோல் சாக்ஸோடும் செருப்போடும் ஒட்டி நிற்கிறது, உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கட்டுகிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் பிரியும். ஆக, நாம் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: உரசல், ஈரம்.

புதுச் செருப்பு ஏன் ஆகாது என்றால், அது எங்கே உரசும் என்று யாருக்கும் தெரியாது. பழகின செருப்பின் குணம் நமக்குத் தெரியும், அந்த இடத்துக்கு முதலிலேயே டேப் ஒட்டிவிடலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கார்த்திகையிலேயே வாங்கிவிடுங்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நெடுநடையில் அதைவிட வீங்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸையே கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அவர்கள் அந்த விரலை வைத்துப் பார்க்க வேண்டும். குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. முன்னால் தாராளம், பின்னால் பிடிப்பு.

ஹவாய் செருப்பு? குளிக்கப் போக, தங்குமிடத்தில் நடமாட நல்லது. நெடுநடைக்கு நான் வேண்டாம் என்பேன். கழன்று போகாமல் இருக்க விரல்கள் அதை ஒவ்வொரு அடியிலும் கவ்விப் பிடிக்கின்றன. நமக்கே தெரியாமல் நடக்கும் அந்த வேலைக்குக் கூலி சாயங்காலம் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் தெரியும். போதாததற்கு நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு நேராகப் பாதத்துக்கு வந்துவிடும். ரோட்டோரம் சிறுநீர் கழிக்க இறங்கினாலே போதும். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஏற்பாடு: அதிகாலைப் பனியிலும் இருட்டிலும் பழைய ஷூ, வெயில் ஏறினதும் பின்னால் வார் வைத்த செருப்பு. இரண்டும் காலில் அழுத்தும் இடங்கள் வேறு வேறு. ஒன்று படுத்தின இடத்துக்கு இன்னொன்று ஓய்வு கொடுக்கும். பையில் கனம் கூடும்தான், பரவாயில்லை. நடுப்பகலில் எப்படியும் எங்காவது புளியமரத்தடியில் படுத்துவிடுகிறோம்.

சாக்ஸ் விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்க மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், குடித்த வியர்வையை விடாது. பாலியஸ்டர் கலந்து சீக்கிரம் காய்கிற ரகம் வாங்குங்கள். உள்ளே மெல்லியதாக ஒன்று, மேலே கொஞ்சம் தடிப்பாக ஒன்று என்று இரண்டு போட்டால் உரசல் அந்த இரண்டு துணிக்கும் நடுவிலேயே முடிந்துபோகும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் மாற்றுங்கள். கழற்றினதை ஊக்கு குத்திப் பைக்குப் பின்னால் தொங்கவிட்டால் அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். என் பை பின்னாலிருந்து பார்க்கக் கொடிக்கயிறு மாதிரி இருக்கும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஈரத்தில் இன்னொரு வகை இருக்கிறது, சொல்லவே சங்கடம். ஊர்க்காரர்கள் அன்போடு மோர் கொடுப்பார்கள், வெறுங்காலில் வருகிறவர்களுக்காக ரோட்டில் தண்ணீரும் ஊற்றி வைப்பார்கள். வெறுங்காலுக்கு அது வரம். சாக்ஸ் போட்டவர்கள் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி மண்ணில் நடந்துவிடுங்கள்.

நடக்கும்போது ஓர் இடத்தில் சுள்ளென்று லேசாகச் சூடு தெரியும். கொப்புளம் அனுப்பும் முதல் தந்தி அதுதான். அடுத்த மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அடுத்த மண்டபத்தில் பார்க்கக் கொப்புளம் இருக்கும். அங்கேயே நில்லுங்கள். காலைத் துடைத்துக் காயவிட்டு, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் மாட்டிக்கொண்டு உரியாது. வாசலின், தேங்காயெண்ணெய் தடவுவதும் நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரம் போனால் வழவழப்பு போய்விடும், திரும்பத் தடவ வேண்டும். எண்ணெய் தடவின இடத்தில் டேப் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொப்புளம் வந்தேவிட்டால்? சின்னதாக இருந்து வலியில்லை என்றால் மூடிவிட்டு நடங்கள். பெரிதாகி அழுத்தினால், கை கழுவி, பீட்டாடின் தடவி, பிரிக்காத புது ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி மெதுவாக நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை மட்டும் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் கிடையாது. சுற்றிச் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான். ஒரு அட்டை வலி மாத்திரையையும் வெறும் வயிற்றில் முழுங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். வயிற்றுப்புண் ஒரு பக்கம், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் படுத்தும்.

அப்புறம், வெறுங்கால். நகரத்தார் காவடி பழனிக்குப் போவது 400 வருஷத்துக்கும் மேலான வழக்கம் என்பார்கள், காவடி எடுத்தவர்கள் திரும்பி வருவதும் நடந்தேதான். அவர்கள் வெறுங்காலில் போவதைப் பார்த்து நாமும் போகலாம் என்று திடீரென்று தோன்றக் கூடாது. அவர்கள் பல வருஷமாக நடந்து பழகியவர்கள். மதியத்தில் கவனித்தால் தெரியும், வெறுங்கால் ஆட்கள் எல்லோரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். தாரைவிட அந்தக் கோடு சூடு குறைவு.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலை மறந்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, பல வருஷமாகச் சர்க்கரை. "வேண்டிக்கிட்டேன் ஆத்தா, செருப்புப் போட்டுட்டுப் போனா என்ன வேண்டுதல்?" என்றார்கள். பதில் சொல்லாமல் அவர்களைத் திண்ணையில் கால் நீட்டி உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் தொடும்போது எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை என் விரல் நுனியால் லேசாக, ஓரிரு விநாடி தொட்டேன். அழுத்தவில்லை. ஆறு இடத்தில் இரண்டு தெரியாமல் போனாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆச்சி மூன்று இடத்தில் பேசாமலே இருந்தார்கள். கண்ணைத் திறந்து, "தொட்டியா என்ன?" என்றார்கள்.

வாதம் அதோடு முடிந்தது. டாக்டரிடம் காட்டி, முன்பக்கம் மூடிய மெத்தென்ற செருப்பு வாங்கினோம். ரோட்டில் செருப்பு, கோயில் வாசலில் மட்டும் கழற்றுவது என்று ஆச்சி முருகனோடு தானே பேசி முடித்துக்கொண்டார்கள். ராத்திரி தங்குகிற இடத்தில் பேத்தி டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பாள், செருப்பைக் கவிழ்த்துத் தட்டி உள்ளே கல், முள் இருக்கிறதா என்றும் பார்ப்பாள். கால் வலிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், சூடு தெரியாத கால் வெந்துபோவதும் தெரியாது.

நகம் வெட்டுவதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால், ஓரத்தைத் தோண்டாமல் நேராக வெட்டுங்கள். அப்படியும் சிலருக்குப் பெருவிரல் நகம் கறுத்துப் போகும், உள்ளே ரத்தம் கட்டுவதுதான். துடிக்கிற வலி இல்லை என்றால் விட்டுவிடுங்கள், பிடுங்காதீர்கள், புது நகம் வளர்ந்து தானே தள்ளிவிடும். பெருவிரல் நகம் முழுசாக வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். அடுத்த தைப்பூசத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.