ஹம்மஸ்: கடலையும் எள்ளும் கைகோக்கும் விழுது

ஹம்மஸ் என்ற அரபுச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதுதான் பொருள். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளில் அன்றாடம் உண்ணப்படும் இந்த விழுதின் முழுப்பெயர் ‘ஹம்மஸ் பி தஹினா’, அதாவது எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை. இதன் சத்தைப் பற்றிப் பேசும்போது கடலையை மட்டும் புகழ்ந்துவிட்டு, எள்ளை ருசிக்காகச் சேர்ப்பதாகவே பலர் எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கொண்டைக்கடலையின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் தாராளமாக இருக்கிறது, மெத்தியோனின் குறைவு. எள்ளிலோ மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால், இறைச்சியோ பாலோ உண்ணாதவர்களுக்கும் தரமான புரதம் கிடைக்கிறது. எலுமிச்சைச் சாற்றுக்கும் இதில் பங்குண்டு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாக ஏற்கும். வெப்பம் அந்த வைட்டமினை அழிக்கும் என்பதால், கடலை நன்கு ஆறிய பிறகே நான் சாற்றைப் பிழிகிறேன்.

கடைகளில் விற்கும் ஹம்மஸ் 100 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் இருக்கும். நார்ச்சத்தும் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும் சேர்ந்திருப்பதால், உண்டபின் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. பசியும் நெடுநேரம் தாங்கும். ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாக இதைத் தடவினால், நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் எள்ளும் ஆலிவ் எண்ணெயும் தரும் நிறைவுறாக் கொழுப்பு வந்து சேர்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறைய இது உதவும். ஃபோலேட், மக்னீசியம் ஆகியவையும் உண்டு.

ஆனாலும் அளவு முக்கியம். இரண்டு மேசைக்கரண்டியில் சுமார் 70 கலோரி இருக்கிறது, பாதிக் கிண்ணம் காலியாவதோ தெரியாது. கடையில் வாங்கும்போது உப்பின் அளவையும், ஆலிவுக்குப் பதிலாக வேறு மலிவான எண்ணெய் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்தால் இந்தக் கவலை இல்லை. கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால், வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கிவிடும். இரு விரல்களுக்கிடையே வைத்து லேசாக அழுத்தினாலே மசிந்துவிடும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும். எள் விழுதில் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் அது இறுகித் திரிதிரியாகும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் வெளுத்து, வழுவழுப்பாகிவிடும். பூண்டை அந்தச் சாற்றிலேயே நசுக்கிப் போட்டால் காரநெடி அடங்கும்.

எள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே விருந்தினருக்குப் பரிமாறும் முன் கட்டாயம் கேட்டுவிடுங்கள். விழுதைப் பார்த்து அதில் எள் இருப்பதை யாராலும் கண்டுகொள்ள முடியாது.